லகூன் என்றால் களப்பு

மட்டக்களப்பில் கல்லடிப் பாலத்துக்குக் கிட்ட, படகுச் சவாரிக்கு ஆள் சேர்க்கும் பலகை ஒன்றில் 'லகூன் சவாரி' என்று தமிழெழுத்தில் எழுதியிருந்தது. ஊர்ப் பெயரிலேயே அதற்குத் தமிழ் இருக்கும்போது இது எதற்கு?

வெனிஸ் நகரைச் சுற்றிக் கிடக்கும் ஆழமற்ற உப்புநீர்ப் பரப்பை இத்தாலியர் 'லகூனா' என்பார்கள். 17ஆம் நூற்றாண்டில் அது ஆங்கிலத்துக்குப் போய் 'லகூன்' ஆனது. இத்தாலியச் சொல்லுக்குத் தாய், இலத்தீன் 'லக்கூனா'. பள்ளம், குழி, குட்டை என்று பொருள். அதற்கும் அடியில் ஏரியைக் குறிக்கும் 'லாக்குஸ்' இருக்கிறது. ஆங்கில 'லேக்' அதன் வழி வந்தது; ஸ்கொட்லாந்துக்காரரின் 'லொக்' தூரத்துச் சொந்தம். பழைய ஏட்டில் செல்லரித்து எழுத்துப் போன இடத்தையும், சட்டத்தில் விடுபட்ட ஓட்டையையும் ஆங்கிலத்தில் இன்றைக்கும் 'லக்கூனா' என்றுதான் சொல்கிறார்கள். குழி ஒன்றுதான். ஒன்றில் தண்ணீர் நிற்கிறது, மற்றதில் எழுத்தைக் காணோம்.

சரி, தமிழில் என்ன? 'மட்டக்களப்பு வாவி' என்று எழுதிப் பழகிவிட்டோம். ஆனால் 'வாவி' வடமொழி 'வாபி'யிலிருந்து வந்தது. செய்யுள்களில் அது தாமரை பூக்கும் நன்னீர்க் குளம். சிங்களத்தில் குளத்துக்குச் சொல்லும் 'வெவ'வும் அதே வேர்தான். உப்பும் நன்னீரும் கலக்கும் இடத்துக்கு அது பொருந்தவில்லை. தமிழ்நாட்டில் 'காயல்' என்கிறார்கள். நல்ல சொல், ஆனால் எங்கள் வாயில் வராது. சங்கப் பாட்டின் நெய்தல் நிலத்துக் 'கழி'யும் நெருங்கி வருகிறது.

என் கட்சி 'களப்பு'. ஆழமில்லாத கடல் என்று அதற்குப் பொருள். பங்குடாவெளியிலிருந்து தெற்கே அம்பாறை மாவட்டத்துக் கல்முனைப் பக்கம் வரை ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு, முகத்துவாரத்தில் கடலைத் தொடும் இந்த நீருக்கு வேறு எது சரியாகப் பொருந்தும்? சிங்களவரும் 'களபுவ' என்கிறார்கள். 'மட்டு' எதைக் குறிக்கிறது என்பதில் ஆளுக்கொரு கதை உண்டு. 'களப்பு' பற்றிச் சண்டையில்லை. பேச்சில் நாங்கள் இதை 'ஆறு' என்பது வேறு விஷயம்.

பலகைக்காரத் தம்பியிடம் இதைச் சொன்னேன்.

"களப்பு எண்டு எழுதினா வெள்ளைக்காரனுக்கு விளங்குமா அண்ணன்?"

தமிழெழுத்தில் 'லகூன்' மட்டும் அவனுக்கு விளங்கிவிடுமா என்று கேட்டேன். தம்பி பலகையை ஒருதரம் திரும்பிப் பார்த்தான்.