லாக் வரியில் மெத்தட் பெயர் எப்படி வருகிறது?

"லாக் ஃபைலில் கிளாஸ் பெயரோடு மெத்தட் பெயரும் வரட்டும் என்று செட்டிங்கை மாற்றினேன், ஜாவா அப்ளிகேஷன் மந்தமாகிவிட்டது. நாலு எழுத்து கூடுதலாக எழுத இவ்வளவு நேரமா?" என்று ஒரு வாசகர் கேட்கிறார். எழுதுவதற்கு நேரம் ஆவதில்லை, கண்டுபிடிக்கத்தான் ஆகிறது.

கிளாஸ் பெயரில் சிக்கல் இல்லை. லாக் வரிகளை எழுதித் தரும் லாகரை உருவாக்கும்போதே அதை நாம் கொடுத்துவிடுகிறோம். ஆனால் எந்த மெத்தட் கூப்பிட்டது என்பதை லாகரிடம் யாரும் சொல்வதில்லை. அது தானே தடம் பார்த்துப் போக வேண்டும்.

அந்தத் தடம் இருக்கும் இடம்தான் அழகு. ஒரு மெத்தட் இன்னொன்றை அழைக்கும்போது, வேலை முடிந்ததும் எங்கே திரும்புவது என்ற முகவரி ஸ்டாக்கில் (அழைப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைக்கும் நினைவகப் பகுதி) பதிவாகிறது. திரும்பி வருவதற்காக வைத்த குறிப்பு அது. ஆனால் திரும்ப வேண்டிய இடம்தானே கூப்பிட்ட இடமும்! லாகர் அந்தக் குறிப்புகளை மேலிருந்து ஒவ்வொன்றாகப் படிக்கிறது. முதலில் வருபவை லாகிங் லைப்ரரியின் சொந்த மெத்தடுகள். அவற்றைத் தாண்டியதும் தென்படுவது நம்முடையது. முகவரி வெறும் எண்தான். அது எந்த வரியைக் குறிக்கிறது என்ற அட்டவணையைக் கம்பைலர் முன்பே கிளாஸ் ஃபைலுக்குள் எழுதி வைத்திருக்கிறது. அதில் தேடினால் "சேவ் மெத்தட், 142ஆவது வரி" என்று விடை வருகிறது. வேகத்துக்காக ஜிட் கம்பைலர் (புரோகிராம் ஓடும்போதே அதை மெஷின் கோடாக மாற்றுவது) ஒரு சின்ன மெத்தடை அழைத்த மெத்தடுக்குள்ளேயே கரைத்துவிட்டாலும், எது எங்கே கரைந்தது என்று தனிக் குறிப்பு வைத்திருப்பதால் பெயர் தொலைவதில்லை. எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு இது வியப்புதான்.

முன்பெல்லாம் இந்த ஒரு பெயருக்காக முழு ஸ்டாக்கையும் நகலெடுக்க வேண்டியிருந்தது. 2017இல் ஜாவா 9 கொண்டுவந்த ஸ்டாக்வாக்கர் தேவையான படியோடு நின்றுகொள்கிறது. எழுதும் வேலையை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு நகரும் அசிங்க் லாகரில்தான் அடி பலமாக விழும். எழுதுவது வேறு த்ரெட் (புரோகிராமுக்குள் தனியாக ஓடும் இழை), அதற்கு ஸ்டாக்கும் வேறு. அதனால் வேலையை ஒப்படைக்கும் முன்பே தடத்தைப் பார்த்தாக வேண்டும். 30 முதல் 100 மடங்கு மெதுவாகும் என்று லாக்4ஜே 2 என்ற ஜாவா லாகிங் லைப்ரரியின் ஆவணமே எச்சரித்திருக்கிறது. சி மொழியில் இந்தத் தொல்லை இல்லை, ஃபங்ஷன் பெயரைக் கம்பைலரே நிரப்பிவிடும்.

இதற்குப் பயந்து மெத்தட் பெயரைக் கையால் மெசேஜில் தட்டச்சு செய்யாதீர்கள். நாளைக்கு யாராவது மெத்தட் பெயரை மாற்றினால் லாக் பொய் சொல்லும். பொய் சொல்லும் லாக், லாக் இல்லாததைவிட மோசம். எரர் வரிகளில் எக்செப்ஷனையும் சேர்த்துக் கொடுங்கள். அழைப்புகளின் வரிசையைக் காட்டும் ஸ்டாக் ட்ரேஸே வந்துவிடுவதால் அங்கே மெத்தட் பெயரைத் தனியாகக் கேட்கத் தேவையில்லை.