சாட்சி சொல்ல மேடை ஏற்றாதீர்கள்

நான் மனநல மருத்துவர். ஜெபக்கூட்டத்தில் சாட்சி சொல்ல (கடவுள் தன்னைக் காப்பாற்றிய கதையை எல்லார் முன்னாலும் சொல்ல) மேடை ஏற்றப்பட்டு, ஆறிவந்த மனது மறுபடி கெட்டு என்னிடம் வருபவர்களில், போன வாரம் வந்தவர் இந்த வருடம் நான்காவது ஆள். கன்னியாகுமரிக் கடற்கரையில் மீன்பிடித் தொழில் செய்பவர். (ஆள் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலில் படகு கவிழ்ந்து, ஒரு காலி கேனைப் பிடித்துக்கொண்டு மிதந்து உயிர் பிழைத்தவர். கூடப் போனவர்கள் திரும்பவில்லை.

மாத்திரையும் கவுன்சிலிங்குமாகத் தேறி வந்தார். அதற்குள் ஒரு ஜெபக்கூட்டத்தில் சாட்சி சொல்லக் கூப்பிட்டிருக்கிறார்கள். கூட்டத்துக்கு முன்னால், மைக்கில், மச்சான் கைநழுவிப் போன நிமிஷம்வரை சொல்ல வைத்தார்களாம். ஒரே அல்லேலூயா. "இனி மாத்திரை எதுக்கு?" என்று யாரோ கேட்க, அன்றே நிறுத்திவிட்டார். மூன்றாவது வாரம் தூக்கம் போயிற்று. பக்கத்து வீட்டில் மோட்டார் ஓடினால் வியர்த்துக் கொட்டுகிறது.

"எனக்கு விசுவாசம் பத்தல, டாக்டர்" என்றார். எனக்கு வந்த கோபம் அவர்மேல் இல்லை.

நானும் ஞாயிறு பூசைக்குப் போகிறவள்தான். அதனால் பைபிளையே எடுத்துக்கொள்வோம். கர்மேல் மலையில் பொய்த் தீர்க்கதரிசிகளை ஜெயித்த இறைவாக்கினர் எலியா, அடுத்த அதிகாரத்திலேயே சூரைச்செடிக்கு அடியில் படுத்துச் சாவைக் கேட்கிறார். அவருக்கா விசுவாசம் இல்லை? வானதூதர் பிரசங்கம் பண்ணவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்தார், தூங்கவிட்டார், மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னார். எல்லாவற்றையும் இழந்து நின்ற யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை நல்ல நண்பர்கள். வாயைத் திறந்த பிறகுதான் வினை. திருப்பாடல் 88 இருட்டிலேயே முடிகிறது, கடைசியில் ஒரு நன்றி வரிகூடக் கிடையாது. அதை யாரும் பைபிளிலிருந்து கிழித்துப் போடவில்லையே! திடுக்கிடுவதும் கெட்ட கனவு காண்பதும், ஆபத்தைப் பார்த்த உடம்பு இன்னும் காவல் இருப்பது. அது பாவமும் இல்லை, சாத்தானும் இல்லை.

விசுவாசம் ஆற்றுவதையும் பார்த்திருக்கிறேன். ஒக்கியில் புருஷன் உடல் கிடைக்காத ஒரு பெண்மணி, நவம்பர் 2 கல்லறைத் திருநாள் வந்தாலே வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார். மெழுகுவர்த்தி ஏற்றக் கல்லறை இல்லை. ஒரு வருடம் பங்குச்சாமியார் கடற்கரைக் குருசடிக்கு (சிலுவை நட்ட சிறு ஆலயம்) கூட்டிப்போய், "இங்க ஏத்தும்மா" என்றிருக்கிறார். காற்றில் நாலு தடவை அணைந்ததாம், நாலு தடவையும் சாமியாரே தீப்பெட்டி உரசினாராம். நான் ஆறு மாதம் பேசியும் வராத அழுகை அன்றைக்கு வந்தது. பேர் சொல்லி ஒப்புக்கொடுக்கும் பூசையும், ஜெபமாலையின் நிதானமும், அன்பியத்துப் (பங்கில் அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்த ஜெபக்குழு) பெண்கள் கொண்டுவரும் கஞ்சியும் என்னால் எழுதிக்கொடுக்க முடியாத மருந்துகள்.

அதற்காக என் மருந்தைப் பிடுங்காதீர்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் மிஷனரிதான். அங்கே மனநலப் பிரிவும் இருக்கிறது, மாத்திரையும் எழுதுகிறார்கள்.

காயம் புயலால் இல்லாமல் மனிதனால் வந்தது என்றால், அடித்தவனையும் கெடுத்தவனையும் உடனே மன்னிக்கச் சொல்லி நெருக்காதீர்கள். பாதிக்கப்பட்டது குழந்தை என்றால் முதலில் போலீஸ். குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டப்படி மறைப்பதே குற்றம். சாகணும் என்று யாராவது சொன்னால் தனியாக விடாதீர்கள், அரசின் மனநல உதவி எண் 14416-க்குப் போன் போடுங்கள், தமிழிலேயே பேசலாம். மாத்திரையைக் குறைப்பதும் நிறுத்துவதும் எழுதிக்கொடுத்தவர் வேலை. பீடத்தில் வைத்து ஜெபிக்கணுமா, அட்டையோடு தாராளமாக வையுங்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்குள் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.