காய்ந்த துண்டு மறுபடி நாறுவது ஏன்?

கொடியிலிருந்து எடுக்கும்போது துண்டில் ஒரு வாடையும் இருக்காது. குளித்துவிட்டு முகத்தைத் துடைத்ததும்தான் மக்கல் வாடை குப்பென்று அடிக்கும். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் மழை மாதங்களில் இது வீட்டுக்கு வீடு உள்ள தொல்லை. சோப்புத்தூளை மாற்றிப் பார்ப்பார்கள், வாசனைத் திரவத்தைக் கூடுதலாக ஊற்றுவார்கள், பீரோவில் அந்துருண்டை போடுவார்கள், நீலகிரித் தைலம்கூடத் தெளிப்பார்கள். ஒரு வாரத்தில் வாடை திரும்பி வந்துவிடும்.

துணிக்குள் உயிரோடு இருக்கும் பாக்டீரியாதான் காரணம். மொராக்ஸெல்லா ஓஸ்லோயென்சிஸ் என்று பெயர். நம் தோலிலிருந்து துணிக்குப் போகிறது. துவைத்தும் போகாத வியர்வை, தோல் எண்ணெய் மிச்சங்களைத் தின்று, 4-மெத்தில்-3-ஹெக்ஸினாயிக் அமிலம் என்ற ஆவியாகும் அமிலத்தை வெளிவிடுகிறது. ஈரத்துணியின் வாடைக்கு இதுவே முக்கியக் காரணம் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012-இல் கண்டறிந்தார்கள். இந்தப் பாக்டீரியா உலர்ந்தாலும் சாகாது. புற ஊதாக் கதிரையும் ஓரளவு தாங்கும். காய்ந்த துணியில் அடங்கிக் கிடந்து, ஈரம் பட்டதும் வேலையைத் தொடங்கிவிடும். வெயிலில் நன்றாகக் காய்ந்த துண்டும் முகம் துடைக்கும்போது நாறுவது இதனால்தான்.

கரும்புள்ளியாகத் தெரியும் பூஞ்சை வேறு. அது பல நாள் ஈரத்தில் கிடந்த துணியில் வருவது. பாக்டீரியா வாடைக்குச் சில மணி நேர ஈரமே போதும்.

ஆகவே வேலை இரண்டு. குடியிருக்கும் கிருமியை ஒரு முறை ஒழிக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு துவைப்பிலும் துணி ஈரமாக இருக்கும் நேரத்தைக் குறைக்க வேண்டும். மலையில் இரண்டாவதுதான் கடினம்.

முதல் வேலைக்குக் காரமும் சூடும் வேண்டும். அந்தக் காலத்தில் உவர்மண்ணில் நனைத்து வெள்ளாவி வைத்தார்களே, அதில் இருந்ததும் இந்த இரண்டும்தான். உவர்மண்ணில் இருப்பது பெரும்பாலும் சோடியம் கார்பனேட், அதாவது சலவைச் சோடா. காரம் அந்த நாற்ற அமிலத்தை உப்பாக மாற்றிவிடும். உப்பு ஆவியாகாது, தண்ணீரோடு போய்விடும். எண்ணெய்ப் பிசுக்கும் கரையும். நீராவியின் சூடு கிருமியைக் கொல்லும்.

இன்று வெள்ளாவிக்குப் பதில் சோடியம் பெர்கார்பனேட் போதும். ஆக்ஸிஜன் பிளீச் என்று கடையில் கிடைக்கும் வெள்ளைத் தூள் இதுதான். தண்ணீரில் போட்டால் சலவைச் சோடாவாகவும் ஹைட்ரஜன் பெராக்ஸைடாகவும் பிரியும். குளிர்ந்த நீரில் மந்தமாகவே வேலை செய்யும். 60 டிகிரி சூடு வேண்டும். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். மார்கழியில் குழாய்த் தண்ணீரோ கையை விறைக்க வைக்கும். அதனால் கொதிநீர் பாதி, குழாய்த் தண்ணீர் பாதி என்று சமவெளியில் சொல்லும் கணக்கு இங்கே பொருந்தாது. கொதிநீர் 6 லிட்டர், குழாய்த் தண்ணீர் 4 லிட்டர் கலந்தால் 60 டிகிரியை ஒட்டி வரும். அந்த 10 லிட்டருக்கு 50 கிராம் தூள். பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, துணி முழுதும் அமிழ அழுத்தி, சூடு போகாமல் மூடி ஒரு மணி நேரம் விடுங்கள். மூடியை இறுக்கக் கூடாது, வாயு வெளியேற வேண்டும். பிறகு வழக்கம்போல் துவைத்து இரண்டு முறை அலசுங்கள். கையுறை அவசியம்.

இது பருத்திக்கும் பாலியெஸ்டருக்கும். கம்பளி, பட்டு இரண்டும் புரத இழைகள்; காரமும் சூடும் அவற்றைக் கெடுத்துவிடும். சாயம் போகும் துணியை ஓரத்தில் சோதித்துவிட்டுப் போடுங்கள்.

வினிகரையும் சமையல் சோடாவையும் சேர்த்து ஊற்றும் பழக்கம் பரவியிருக்கிறது. அமிலமும் காரமும் ஒன்றையொன்று தின்றுவிட்டு வெறும் உப்புத் தண்ணீர் மிஞ்சும். நுரைப்பதைத் தவிர பலன் இல்லை. வினிகரைப் பிளீச்சிங் பவுடரோடு கலப்பதோ உயிருக்கே ஆபத்து, குளோரின் வாயு வரும்.

சோப்புத்தூளைக் குறைப்பதும் முக்கியம். மலை ஓடைத் தண்ணீர் பெரும்பாலும் மென்னீர்; பாக்கெட்டில் போட்ட அளவில் பாதியே போதும். கூடுதலாகப் போட்டால் அலசலில் போகாமல் இழைக்குள் தங்கி அழுக்கைப் பிடித்துவைக்கும். துவைத்துக் காய்ந்த துண்டை வெந்நீரில் போட்டுக் கலக்கிப் பாருங்கள். நுரை வந்தால் சோப்பு தங்கியிருக்கிறது. துணி மிருதுவாக்கும் திரவமும் கொழுப்புப் படலமாகப் படிவதுதான். துண்டுக்கு அது வேண்டவே வேண்டாம்.

இனி காய வைப்பது. 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று 30 கிராம் நீராவியைத் தாங்கும். 15 டிகிரியில் 13 கிராம்தான். மழை நாளில் ஈரப்பதம் 80 விழுக்காடு என்றால், அதிலும் 10 கிராம் ஏற்கெனவே நிறைந்திருக்கும். மீதி இடம் இரண்டரை கிராம். பத்தடிக்குப் பத்தடி அறையில் சுமார் 27 கன மீட்டர் காற்று. அது முழுவதும் சேர்ந்து குடிக்கக்கூடியது 70 கிராம். 5 கிலோ துணி ஸ்பின் முடிந்து வெளியே வரும்போதும் அதில் இரண்டரை லிட்டர் தண்ணீர் இருக்கும். அறைக் காற்று முப்பத்தைந்து தடவைக்கு மேல் மாறினால்தான் அது காயும். ஜன்னலை அடைத்து அறைக்குள் கொடி கட்டினால் நாலு நாளானாலும் காயாததில் வியப்பென்ன?

அதே காற்றை 25 டிகிரிக்குச் சூடாக்கினால் கணக்கு மாறுகிறது. அறை 350 கிராம் வரை குடிக்கும். ஏழெட்டு முறை மாறினால் போதும். எனவே ஹீட்டர் போடுங்கள், ஜன்னலை நாலு விரல் திறந்தும் வையுங்கள். வெளியே மூடுபனி இருந்தாலும் பரவாயில்லை: 14 டிகிரியில் நிரம்பிய காற்று 24 டிகிரி அறைக்குள் வந்தால் அதன் ஈரப்பதம் 55 விழுக்காடாக இறங்கிவிடும். சூடும் இல்லாமல் ஜன்னலும் திறந்திருந்தால்தான் பனி துணியில் இறங்கும்.

ஆனால் ஒரு லிட்டரை ஆவியாக்க ஏறக்குறைய 0.7 யூனிட் மின்சாரம் ஆகும். ஸ்பின்னில் பிழிந்து எடுப்பதற்கு அதில் சிறு பங்குதான். எனவே துணியை உதறிவிட்டு இன்னொரு முறை ஸ்பின் விடுவதே மிக மலிவான உலர்த்தல். அடுத்தது மின்விசிறி. மலை வீடுகள் பலவற்றில் மின்விசிறியே இருக்காது. துணிக்காகவாவது ஒரு மேசை விசிறி வாங்குவது தகும். துணியைச் சுற்றித் தேங்கும் ஈரக்காற்றை அது தள்ளிவிடும். துணிகளுக்கு இடையே கையகல இடைவெளி, ஜீன்ஸ் உள்புறம் வெளியே, துண்டின் இரு பாதியும் ஒட்டாமல் ஏற்ற இறக்கமாக. ஐந்தாறு மணி நேரத்தில் காய்ந்துவிட்டால் வாடை பிடிக்க நேரமில்லை.

கரி அடுப்பை மூடிய அறையில் வைத்துத் துணி காயப்போடவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குபவர் எழுந்திருக்க மாட்டார்.

வெயில் நாளிலும் மூன்று மணிக்குள் கொடியைக் காலி செய்யுங்கள். சாயங்காலப் பனி ஏறினால் காய்ந்த துணி மறுபடி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கம்பளி இதில் ஏமாற்றும்: 65 விழுக்காடு ஈரப்பதத்தில் ஒரு கிலோ கம்பளி 160 கிராம் தண்ணீரை வைத்துக்கொண்டு தொட்டால் காய்ந்தது போலவே இருக்கும். பருத்தி அதில் பாதியளவு. பாலியெஸ்டர் அரை விழுக்காடுகூட இல்லை. ஸ்வெட்டரைப் பிழியாமல் காய்ந்த துண்டில் சுருட்டி அழுத்தி ஈரம் எடுங்கள், தட்டையாக விரித்துக் காயவிடுங்கள். காய்ந்த பிறகும் ஒரு நாள் உள்ளே ஆறவிட்டுத்தான் பீரோவுக்குள் வைக்க வேண்டும். அந்தப் பீரோவும் வெளிச்சுவரை ஒட்டி நிற்கக் கூடாது. குளிர்ந்த சுவரில் நீர் கோத்துக்கொள்ளும். நாலு அங்குலம் தள்ளி வையுங்கள், வாரம் ஒரு முறை வெயில் நேரத்தில் கதவைத் திறந்து விடுங்கள்.