கிரேடு: தரமா, படியா, வரிசையா?

கிரேடு (பெயர்ச்சொல்): மாணவர் வாங்கிய மதிப்பெண்ணை அப்படியே சொல்லாமல், அது எந்த வரம்புக்குள் விழுகிறது என்று ஓர் எழுத்தாலோ எண்ணாலோ காட்டும் குறி. தமிழில் தரம், தரநிலை, படிநிலை என்று மூன்று சொற்கள் புழங்குகின்றன. மூன்றும் ஒன்றில்லை.

வேர் இலத்தீனில் இருக்கிறது. 'கிராடுஸ்' என்றால் நடையில் ஓர் எட்டு; ஏறும் படிக்கும் அதே சொல்தான். டிகிரி, கிராஜுவேட், சென்டிகிரேடு எல்லாம் இதே வேரில் கிளைத்தவை. புரோகிரஸ் ரிப்போர்ட்டில் வரும் 'புரோகிரஸ்' என்பதும் இதன் உறவுதான்: முன்னே அடியெடுத்து வைப்பது. அட்டையின் தலைப்பில் அச்சான சொல்லும் உள்ளே கட்டத்தில் நிரப்பும் சொல்லும் ஒரு தாய்ப் பிள்ளைகள். ரேங்க் மட்டும் வேறு குடும்பம். பழைய பிரெஞ்சில் அது வரிசையைக் குறித்த சொல். 2017இல் தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வு முடிவுகளில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பது நின்றுபோனது. வீட்டில் மட்டும் இன்னும் 'ரேங்க் கார்டு வந்துருச்சா?' என்றுதான் கேட்கிறோம்.

தமிழில் 'தரம்' பழைய சொல். சோழர் கல்வெட்டுகளில் நிலத்தைத் தரம் தரமாகப் பிரித்து வரி விதித்திருக்கிறார்கள்; அப்படிப் பிரிக்காத நிலம் 'தரமிலி'. இன்றைக்கும் வருவாய்த்துறை நில விவரம் எழுதிவைக்கும் அ-பதிவேட்டில் மண்ணின் தரத்துக்கு ஒரு கட்டம் உண்டு. மண், நெல், பருத்தி, பால் என்று விலை போகும் பொருளுக்கு இந்தச் சொல் கச்சிதம். பிள்ளைக்குச் சொன்னால் குத்தும். 'தரங்கெட்டவன்', 'தராதரம் தெரியாதவன்' என்ற வசவெல்லாம் அதன் பின்னாலேயே வரும். காவல்துறையில் இந்தச் சிக்கலை எப்போதோ தீர்த்துவிட்டார்கள். 'கிரேடு 2' காவலரை 'இரண்டாம் நிலைக் காவலர்' என்றுதான் எழுதுகிறார்கள். இரண்டாம் தரக் காவலர் என்று எழுதினால் யார் வேலைக்கு வருவார்? இலங்கையிலோ 'தரம்' வகுப்பைக் குறிக்கப் போய்விட்டது. ஐந்தாம் வகுப்பில் எழுதுவது தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை. மதிப்பெண் அங்கே 'புள்ளி', பரீட்சையில் தேறுவது 'சித்தி': ஏ என்றால் அதிவிசேட சித்தி, சி திறமைச் சித்தி, எஸ் சாதாரண சித்தி.

ஆகவே பள்ளி அட்டையில் 'படிநிலை' என்றே எழுதலாம். வேர்ப்பொருளும் அதுதான். ஆனால் எல்லாக் கிரேடும் படி இல்லை என்பதுதான் பெற்றோர் கூட்டத்தில் குழப்பம் கிளப்பும் இடம்.

முதலில் படியாக இருக்கும் கிரேடு. தமிழ்நாட்டில் 2012-13இல் 1 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு முப்பருவ முறையோடு தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு வந்தது. ஒரு பருவத்துக்கு ஒரு பாடத்துக்கு 100. அதில் வளரறி மதிப்பீடு (அ), அதாவது செயல்பாடுகளுக்கு 20. வளரறி மதிப்பீடு (ஆ), அதாவது சிறுதேர்வுகளுக்கு 20. பருவ முடிவில் எழுதும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60. கூட்டினால் வருவது 91 முதல் 100 என்றால் ஏ1, 81 முதல் 90 ஏ2, அடுத்த பத்துகள் பி1, பி2, சி1, சி2 என்று 41 வரை இறங்கும். 33 முதல் 40 டி, 21 முதல் 32 இ1, அதற்கும் கீழே இ2. வகுப்பில் எல்லோரும் 91 வாங்கினால் எல்லோருக்கும் ஏ1. பக்கத்து இருக்கைப் பிள்ளை என்ன வாங்கியது என்பதற்கு இங்கே வேலையில்லை.

'வளரறி', 'தொகுத்தறி' என்ற சொல்லாக்கம் நல்ல சொல்லாக்கம். வளரும்போதே அறிவது ஒன்று, தொகுத்து அறிவது மற்றொன்று. அட்டையைக் கையில் வாங்கியதும் கண் நேராகக் கிரேடுக்குப் போகும். போக வேண்டியது இந்த இரண்டு கட்டங்களுக்கு. கணக்குப் பாடத்தில் இரண்டு பிள்ளைகளை எடுத்துக்கொள்வோம். ஒருவருக்கு 18, 17, 31. கூட்டினால் 66, பி2. இன்னொருவருக்கு 10, 9, 47. அதுவும் 66, பி2. எழுத்து ஒன்று, நோய் வேறு வேறு. முதல் பிள்ளைக்கு அன்றாடம் வகுப்பில் நடப்பது புரிகிறது. நாற்பதுக்கு 35 எடுத்திருக்கிறது. மூன்று மாதப் பாடத்தைச் சேர்த்து எழுதும்போது, நேரத்துக்குள் முடிக்கும்போது சறுக்குகிறது. வீட்டில் கடிகாரம் வைத்து முழு வினாத்தாளை எழுதிப் பார்ப்பதுதான் அதற்கு மருந்து. இரண்டாவது பிள்ளை தேர்வுக்கு முந்தைய நாள்களில் உட்கார்ந்து 60க்கு 47 வாங்கிவிடுகிறது. செய்முறை, சிறுதேர்வு, நோட்டுப் புத்தகம் எதுவும் நேரத்துக்குக் கையில் இல்லை. இவருக்கு டியூஷன் வைப்பது வீண் செலவு.

எழுத்து மறைக்கும் இன்னொன்று உண்டு. 82இலிருந்து 90க்கு ஏறிய பிள்ளையின் அட்டையில் முன்பும் ஏ2, இப்போதும் ஏ2. 80இலிருந்து 81க்கு நகர்ந்த பிள்ளைக்கு பி1 போய் ஏ2 வந்துவிட்டது. முதல் வீட்டில் 'அப்படியே இருக்கியே' என்று திட்டும், இரண்டாம் வீட்டில் பாயசமும் நடந்தால் அது கிரேடின் வேலை. 90.5 வந்தால் எந்தப் படி? 90க்கும் 91க்கும் நடுவில் அட்டவணையில் இடமே இல்லை. எப்படி முழு எண்ணாக்குவார்கள் என்பதைப் பள்ளி பருவத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால் கடைசியில் வாக்குவாதம் இருக்காது. காய்ச்சலில் எழுதாத சிறுதேர்வுக்கு 0 என்று போடுவதும் பெரிய பிழை. 'வரவில்லை' என்று இருக்க வேண்டிய கட்டத்தில் 0 இருந்தால் படிப்பவர் கண்ணுக்கு அது 'தெரியவில்லை' என்று ஆகிவிடும். 18, 0, 52 கூட்டினால் 70, பி2. அந்தச் சிறுதேர்வுகளில் 15 வாங்கியிருந்தால் 85, ஏ2.

இனி, படி அல்லாத கிரேடு. சிபிஎஸ்இ பத்து, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலிலும் ஏ1, ஏ2, பி1 என்றுதான் இருக்கும். அங்கே அதன் பொருள் முழுக்க வேறு. ஒரு பாடத்தில் தேறியவர்களை மதிப்பெண் வரிசையில் நிறுத்தி எட்டாகப் பிரிக்கிறார்கள். முதல் எட்டில் ஒரு பங்குக்கு ஏ1, அடுத்த பங்குக்கு ஏ2 என்று டி2 வரை எட்டு எழுத்துகள், தேறாதவருக்கு இ. 800 பேர் தேறியிருந்தால் ஏறத்தாழ முதல் 100 பேர் ஏ1. எல்லையில் ஒரே மதிப்பெண் வாங்கியவர்களைப் பிரிக்காமல் எண்ணிக்கையைக் கொஞ்சம் முன்பின் செய்துகொள்வார்கள். அதனால் எல்லோரும் அள்ளிக் குவிக்கும் பாடத்தில் 95க்கு ஏ2 வரலாம், கடினமான பாடத்தில் அதைவிடக் குறைந்த மதிப்பெண்ணுக்கு ஏ1 கிடைக்கலாம். 'கூட்டல் தப்பு' என்று மறுகூட்டலுக்குப் பணம் கட்ட ஓடும் முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. இதற்குப் படிநிலை என்ற சொல் ஒட்டாது. 'வரிசைநிலை' என்றால் பொருள் பளிச்சென்று விளங்கும். ரேங்க் வாசல் வழியே போய்க் கொல்லைப்புறமாகத் திரும்பி வந்த கதை இது.

அதே சிபிஎஸ்இயில் 2009-10 முதல் சில ஆண்டுகள் பத்தாம் வகுப்புக்குப் படிமுறை இருந்தது: 91 முதல் ஏ1, கிரேடு புள்ளி 10. சராசரிப் புள்ளியை 9.5ஆல் பெருக்கினால் தோராயச் சதவீதம் என்றார்கள். எல்லாப் பாடத்திலும் 91 வாங்கியவருக்கும் எல்லாவற்றிலும் 100 வாங்கியவருக்கும் சராசரி 10, சதவீதம் 95. முன்னவருக்கு நான்கு லாபம், பின்னவருக்கு ஐந்து நட்டம். 2018இல் பழையபடி எல்லோருக்கும் வாரியத் தேர்வு, மதிப்பெண் என்று ஆனது.

சிங்கப்பூர் இதற்கு எதிர்த்திசையில் நடந்தது. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் மற்றவர்களோடு ஒப்பிட்டுக் கணக்கிட்ட டி-ஸ்கோரை விட்டு, 2021 முதல் எட்டு அடைவுநிலைகள் வந்தன. 90 முதல் 100 வரை முதல் நிலை. நான்கு பாடங்களின் நிலைகளைக் கூட்டினால் சிறந்தது 4, கடைசி 32. எண் குறைந்தால் நல்லது என்பது பழக இரண்டு நாள் ஆகும். படிகளின் உயரமும் ஒன்றில்லை: நான்காம் நிலை 75 முதல் 79 வரை ஐந்து மதிப்பெண், ஆறாம் நிலை 45 முதல் 64 வரை இருபது.

அட்டைக்குத் தமிழ்ப் பெயர்? 'முன்னேற்ற அறிக்கை' என்பது மொழிபெயர்ப்பு; முன்னேறாத பிள்ளை கையில் அது கேலியாகப் படும். 'தேர்ச்சி அறிக்கை' வழக்கில் வேரோடிய சொல். தேர் என்றால் ஆராய்வது. தேறு என்றால் தெளிவது, நம்புவது. 'தேறற்க யாரையும் தேராது' என்று வள்ளுவர் இரண்டையும் ஒரே அடியில் வைத்திருக்கிறார். ஆசிரியர் தேர்வதும் பிள்ளை தேறுவதும் ஒரே தாளில் இருப்பதால் இந்தப் பெயர் போதும்.

அட்டையின் அடியில் அச்சடிக்க இரண்டு வரி: 'இதில் உள்ள எழுத்து படிநிலை, மற்ற மாணவரோடு ஒப்பிட்டது அன்று. வளரறி 40, தொகுத்தறி 60 இரண்டையும் தனித்தனியே பார்த்த பிறகு கையொப்பமிடவும்.'