பழைய கண்ணாடித் தகட்டில் ஒரு வெற்றிடம்

"விண்மீனின் ஒளி கொஞ்சம் மங்கினால் போதும், கோள் என்கிறார்கள். அது வேறு எதுவாகவும் இருக்கக் கூடாதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். தாராளமாக இருக்கலாம். பல நேரம் வேறொன்றாகத்தான் இருக்கிறது.

கோள் குறுக்கே வந்தால் ஒளி குறையும், கிரகணக் கணக்குதான். சூரியனைப் பூமி மறைத்தால் குறைவது பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதே பூமி, சூரியனில் எட்டில் ஒரு பங்கு அகலமே உள்ள டிராப்பிஸ்ட்-1 போன்ற சிவப்புக் குள்ளன் (சிறிய, குளிர்ந்த விண்மீன்) முன்னால் வந்தால் அரை சதவீதத்துக்கும் மேல் குறையும். சின்னக் கோள்களைத் தேடுபவர்கள் குள்ளர்களைச் சுற்றி வருவது இதனால்தான்.

சரி, சிக்கல் எங்கே? 2018இல் ஏவப்பட்ட டெஸ் விண்தொலைநோக்கியின் ஒரு பிக்சல் வானத்தில் 21 விநாடி அகலம் (நேரமல்ல, கோண அளவு; ஒரு பாகைக்கு 3600 விநாடி). அதற்குள் நம் குள்ளனோடு, வெகு தொலைவில் ஒன்றையொன்று மறைத்துக்கொள்ளும் மங்கலான இரட்டை விண்மீன்களும் மாட்டியிருக்கலாம். அவற்றின் பெரிய கிரகணம், முன்னால் இருப்பவரின் வெளிச்சத்தில் கரைந்து, சின்னக் கோள் போலவே தெரியும்.

குள்ளனின் வெளிச்சத்தைத் தாண்டி அவர் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பது எப்படி? எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் இங்கேதான் வருகிறது. அருகிலுள்ள விண்மீன்கள் வானத்தில் வேகமாக இடம் மாறும்; வெகு தொலைவில் இருப்பவை கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே நிற்கும். பர்னார்டு விண்மீன் முழுநிலவின் அகலத்தைச் சுமார் 180 ஆண்டுகளில் கடந்துவிடும். ஆண்டுக்கு ஒரு விநாடி நகர்வதுகூட 70 ஆண்டுகளில் டெஸ்ஸின் மூன்று பிக்சல்களைத் தாண்டியிருக்கும்.

அப்புறம் என்ன, 1949 முதல் 1958 வரை அமெரிக்காவின் பாலோமர் வானாய்வகத்தில் எடுத்த கண்ணாடித் தகட்டுப் படங்களைப் புரட்ட வேண்டியதுதான். நெகட்டிவ் என்பதால் வானம் வெளுத்தும் விண்மீன்கள் கறுத்தும் இருக்கும். நம் ஆள் அன்று சற்றுத் தள்ளி நிற்கிறார். இன்று அவர் நிற்கும் இடத்தில் விரல் வையுங்கள். கறுப்புப் புள்ளி எதுவும் இல்லையா? பின்னணிச் சந்தேகம் பெரும்பாலும் ஒழிந்தது.

சூரியனைப் போன்ற இன்னொரு விண்மீனைச் சுற்றும் கோள் தெரியவந்ததே 1995இல்தான். அந்தத் தகடுகளை எடுத்தவர்கள் இப்படியொரு பயனை நினைத்தே பார்த்திருக்க மாட்டார்கள். "இதனால் உடனே என்ன லாபம்?" என்று கேட்டு ஆய்வு நிதியை வெட்டுபவர்களைப் பார்த்தால் எனக்கு இந்தத் தகடுகள்தான் நினைவுக்கு வரும்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கோள் இழுக்கும்போது விண்மீன் லேசாக ஆடும். சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீனான பிராக்சிமா ஆடும் வேகம் நாம் நடக்கும் வேகம்தான். ஆட்டம் நிறையைச் சொல்லும், மறைப்பு பருமனைச் சொல்லும், இரண்டும் சேர்ந்தால் அடர்த்தி. பாறையா வாயுவா என்பது அதில் தெரிந்துவிடும்.

காற்று இருக்கிறதா என்பதில்தான் பழைய சந்தேகம் வேறு உருவில் திரும்புகிறது. 2023இல், ஒரு சிவப்புக் குள்ளனைச் சுற்றும் ஜிஜே 486 பி என்ற கோளில் நீராவியின் சாயல் இருப்பதாக ஜேம்ஸ் வெப் விண்தொலைநோக்கி காட்டியது. ஆனால் குள்ளர்கள் அவ்வளவு குளிர்ச்சி, அவர்களுடைய கரும்புள்ளிகளிலேயே நீராவி இருக்கும்! கோளின் வெப்பத்தைப் பின்னர் அளந்தபோது, அங்கே தடித்த வளிமண்டலம் இருப்பதற்கான அறிகுறி இல்லை.