பனிமலைக் கூடாரத்தில் உடல் வெப்பம் எங்கே போகிறது?

உத்தரகாண்ட் மாநிலத்தின் கேதார்காந்தா சிகரத்துக்குக் குளிர்காலத்தில் மலையேறுபவர்கள், சாங்க்ரி கிராமத்திலிருந்து புறப்பட்டு, முதல் இரவைப் பெரும்பாலும் ஜூடா கா தாலாப் என்னும் குளத்தின் அருகே கூடாரத்தில் கழிக்கிறார்கள். ஏறத்தாழ 2,700 மீட்டர் உயரத்தில் உள்ள அந்தக் குளம் நடுக்குளிர்காலத்தில் உறைந்து கிடக்கும். கூடாரத்துக்குள் புகுந்துவிட்டால் குளிர் விட்டுவிடும் என்றுதான் முதல்முறை செல்பவர்கள் நினைக்கிறார்கள். காற்று மேலே படாததால் சற்று இதமாக இருக்கும், அவ்வளவுதான். மெல்லிய நைலான் துணிக்கு வெப்பத்தைத் தடுத்து நிறுத்தும் திறன் மிகக் குறைவு என்பதால், நள்ளிரவில் உள்ளுக்கும் வெளிக்கும் சில டிகிரி வித்தியாசமே மிஞ்சும்.

அங்கே வெப்பம் உண்டாகும் இடம் ஒன்றே ஒன்று, படுத்திருப்பவரின் உடல். உறங்கும் மனிதரின் உடல் ஏறத்தாழ 75 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. முன்பு வீடுகளில் எரிந்த குண்டு பல்பு ஒன்றுக்கு அது சமம். நடந்தால் இது பல மடங்கு உயரும், நடுங்கினாலும் உயரும். ஆனால் நடந்துகொண்டோ நடுங்கிக்கொண்டோ யாரும் தூங்க முடியாது. ஆகவே, வெளியேறும் வெப்பத்தை இந்த 75 வாட்டுக்குள் அடக்க முடிந்தால் உறக்கம் வரும். முடியாவிட்டால் விடியும்வரை விழித்திருக்க வேண்டியதுதான்.

மேலே எதைப் போர்த்துவது என்று கவலைப்படுகிற அளவுக்குக் கீழே எதை விரிப்பது என்று பலர் யோசிப்பதில்லை. ஸ்லீப்பிங் பேக் எனப்படும் உறங்கும் பையில் நிரப்பப்படும் வாத்தின் தூவியோ செயற்கை இழையோ தானாகச் சூடு தருவதில்லை. அசையாத காற்றைச் சிறுசிறு இடைவெளிகளில் பிடித்து வைப்பது மட்டுமே அதன் வேலை. நீரோடு ஒப்பிட்டால் காற்று வெப்பத்தைக் கடத்தும் திறன் ஏறத்தாழ 24-இல் ஒரு பங்குதான். ஆனால் நாம் படுத்தவுடன் முதுகுக்குக் கீழே உள்ள தூவி நசுங்கி, அதிலிருந்த காற்று வெளியேறிவிடுகிறது. எத்தனை விலை கொடுத்து வாங்கிய பையானாலும் அதன் அடிப்பக்கம் ஏறக்குறைய வெறும் துணிதான்.

அந்தக் குறையை நிரப்புவது பைக்கு அடியில் விரிக்கும் மேட். அதன் வெப்பத்தடையை ஆர்-மதிப்பு என்ற எண்ணால் குறிக்கிறார்கள். தரை பூஜ்ஜியம் டிகிரியில் இருக்கிறது, தோலின் வெப்பநிலை 33 டிகிரி, உடல் தரையில் அழுந்தும் பரப்பு அரை சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஆர்-மதிப்பு 2 உள்ள சாதாரண ஃபோம் மேட்டின் வழியே, பையின் நசுங்கிய அடிப்பக்கத்தையும் உடைகளையும் கணக்கில் சேர்க்காவிட்டால், ஏறத்தாழ 47 வாட் தரைக்குள் இறங்குகிறது. உடல் தயாரிப்பதில் பாதிக்கு மேல் மண்ணுக்கே போய்விட்டால், எஞ்சிய 28 வாட்டில் மேற்பக்கத்தையும் மூச்சையும் சமாளிக்க முடியாது. மதிப்பு 5 என்றால் அதே இழப்பு 19 வாட்டாகக் குறைகிறது. இந்த மதிப்புகளைக் கூட்டிக்கொள்ளலாம் என்பது இன்னொரு வசதி: 2 மதிப்புள்ள ஃபோமின் மேல் 3 மதிப்புள்ள காற்று மேட்டை விரித்தால் 5 கிடைத்துவிடும். தடிமனைப் பார்த்து மட்டும் ஏமாறக் கூடாது. உள்ளே இழையோ தடுப்போ இல்லாத காற்று மெத்தை அரை அடி உயரம் இருந்தாலும், அதற்குள் காற்று சுழன்று வெப்பத்தைத் தரைக்குக் கொண்டுசேர்த்துக்கொண்டே இருக்கும்.

ஸ்லீப்பிங் பேக்கின் சீட்டில் பல வேளைகளில் மூன்று வெப்பநிலைகள் அச்சிடப்பட்டிருக்கும். ஐஎஸ்ஓ 23537 என்ற தரநிலையின்படி, வெப்ப உணரிகள் பொருத்திய பொம்மை ஒன்றுக்கு உள்ளாடை அணிவித்து, மேட்டின் மேல் கிடத்திச் செய்யும் சோதனையிலிருந்து வருபவை அவை. முதலாவதான ‘கம்ஃபர்ட்’ எண்ணைத்தான் நம்ப வேண்டும். ‘எக்ஸ்ட்ரீம்’ என்ற எண் உறங்குவதற்கான எல்லையே அல்ல. உடல் குளிர்ந்து உயிருக்கே ஆபத்து வரக்கூடிய எல்லை. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் எந்த எண் இருக்கிறது என்று பார்ப்பது நல்லது. வாடகைக்கு எடுக்கும் பை பலமுறை அமுக்கி மடிக்கப்பட்டுத் தட்டையாகியிருந்தால், சீட்டில் உள்ள எந்த எண்ணும் அதற்குப் பொருந்தாது.

இடத் தேர்விலும் இயற்பியல் உண்டு. குளிர்ந்த காற்று கனமானது என்பதால் இரவில் சரிவுகளில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். பள்ளத்தை விட்டுச் சற்று மேலே கூடாரம் அடிப்பது மேல். மேகமற்ற இரவில் கூடாரத்தின் கூரை வானத்தை நோக்கி வெப்பத்தைக் கதிர்வீசிச் சுற்றுக்காற்றை விடவும் குளிர்ந்துபோகும். மரக்கிளைகளின் கீழ் அந்த இழப்பு குறைவு.

பைக்குள் வெந்நீர் பாட்டில் வைத்துக்கொள்வது பயனுள்ள பழக்கம். ஒரு லிட்டர் நீர் 90 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்கு ஆறும்போது ஏறத்தாழ 230 கிலோஜூல் வெப்பத்தைத் தருகிறது. உறங்கும் உடல் ஐம்பது நிமிடங்களில் வெளியிடும் அளவு அது. சிறுநீரை அடக்கினால் அதைச் சூடாக வைத்திருக்க உடல் சக்தியைச் செலவழிக்கும் என்று மலையேறுபவர்களிடையே ஒரு பேச்சு உண்டு. அது தவறு, ஏற்கெனவே 37 டிகிரியில் உடலின் நடுவே இருக்கும் நீரைப் புதிதாகச் சூடாக்கத் தேவையில்லை. ஆயினும் எழுந்து போய்வருவதே நல்லது, ஏனென்றால் குளிரில் தோலின் இரத்தநாளங்கள் சுருங்கி, இரத்தம் உடலின் நடுப்பகுதிக்குத் திரும்புவதால் சிறுநீரகம் கூடுதலாக நீரைப் பிரிக்கும். அடக்கிக்கொண்டு படுத்தால் தூக்கம்தான் கெடும்.

எல்லாம் செய்தும் குளிர் அடங்காதபோது சிலர் கரி அடுப்பைக் கூடாரத்துக்குள் கொண்டுவந்து, ஜிப்பையும் இழுத்து மூடிவிடுகிறார்கள். கரி கனலும்போது உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ கிடையாது. அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் வலுவாக, இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்கிறது. தலைவலியை மலை உயரத்தின் விளைவு என்று நினைத்துப் படுத்தவர் மறுபடி எழுந்திருக்காமலே போகலாம். புகை அடங்கிய தணலும் இதற்கு விலக்கல்ல.

அடுப்பே இல்லாவிட்டாலும் காற்றுவழியை முழுதும் அடைக்கக் கூடாது. ஓர் இரவில் ஒருவரின் மூச்சும் தோலும் சேர்ந்து ஏறத்தாழ கால் லிட்டர் நீரை ஆவியாக வெளியேற்றுகின்றன. போக வழியில்லாத அந்த ஆவி கூரையின் உட்புறத்தில் நீராகவோ உறைபனியாகவோ படிந்து, காற்றில் துணி அசையும்போது பையின் மேல் உதிரும். தலையைப் பைக்குள் இழுத்துக்கொண்டு மூச்சு விடுபவர்கள் ஈரத்தை நேராகத் தூவிக்குள் செலுத்துகிறார்கள். நனைந்த தூவி ஒட்டிக்கொண்டு சுருங்கிவிடும். மூக்கும் வாயும் வெளியே இருக்க, தலைக்குக் குல்லா போதும்.

ஓர் இரவின் ஈரம் பெரிதாகத் தெரியாது. அது நாளுக்கு நாள் சேர்வதுதான் சிக்கல். 1911-இல், அண்டார்டிகாவின் நடுக்குளிர்காலத்தில், பிரிட்டிஷ் துருவப் பயணி ஸ்காட்டின் குழுவைச் சேர்ந்த வில்சன், பவர்ஸ், செர்ரி-கேரார்ட் ஆகிய மூவரும் பேரரசப் பெங்குவின் முட்டைகளைத் தேடி குரோசியர் முனைக்குச் சென்றார்கள். சூரியனே உதிக்காத அந்த வாரங்களில் வெப்பநிலை ஒருமுறை மைனஸ் 60 டிகிரியையும் தாண்டி இறங்கியது. மூச்சும் வியர்வையும் உறைந்து அவர்களுடைய கலைமான் தோல் பைகள் பலகைபோல் விறைத்துக் கனத்ததால், இரவில் அவற்றுக்குள் நுழைவதே நெடுநேரப் போராட்டமாயிற்று. இமயமலையில் பெரும்பாலான காலைகளில் வெயில் கிடைக்கும். பையை உட்புறம் வெளியே தெரியுமாறு புரட்டி, அரை மணி நேரமாவது கூடாரத்தின் மேல் விரித்துக் காயவைத்த பிறகு மடித்தால், அடுத்த இரவுக்குத் தூவி மீண்டும் உப்பியிருக்கும்.