அக்டிவேட் ஆகிய விண்டோஸ் எல்லாம் ஒறிஜினலா?

கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ பாவித்த லப்டொப் ஒன்றை விலை கேட்டால், செட்டிங்ஸைத் திறந்து "பாருங்கோ தம்பி, விண்டோஸ் அக்டிவேட் ஆகியிருக்கு, ஒறிஜினல்தான்" என்று காட்டுவார்கள். அந்த வரியில் பொய் இல்லை. ஆனால் எந்த வழியால் அக்டிவேட் ஆனது என்பதை அது சொல்லாது. கேட்க வேண்டிய கேள்வி அதுதான். பழைய மோட்டார் சைக்கிள் வாங்கும்போது புத்தகத்திலுள்ள செசி நம்பரை வண்டியோடு ஒப்பிட்டுப் பார்க்கிறோம். இங்கேயும் அதே வேலைதான்.

விண்டோஸை அக்டிவேட் செய்ய, அதாவது அனுமதி பெற்றது என்று உறுதிப்படுத்த, எழுத்தும் எண்ணும் கலந்த 25 குறிகளால் ஆன ஒரு கீ உண்டு. விண்டோஸ் 7 காலம் வரை அதை ஸ்டிக்கரில் அச்சடித்து லப்டொப்பின் அடியில் ஒட்டினார்கள். வியர்வையும் புழுதியும் பட்டு அது அழிந்துவிடும். 2012இல் விண்டோஸ் 8 வந்த பின், தயாரிப்பு நிறுவனங்கள் கீயை மதர்போட்டிலுள்ள பயோஸுக்குள்ளேயே, அதாவது கணினியைத் தொடக்கிவைக்கும் மென்பொருளுக்குள்ளேயே, எழுதத் தொடங்கின. ஹார்ட் டிஸ்க்கை எத்தனை தரம் ஃபோர்மட் செய்தாலும் அது அங்கேயே இருக்கும். 2015இல் விண்டோஸ் 10 இன்னொரு முறையைக் கொண்டுவந்தது. கணினியின் பாகங்களிலிருந்து, முக்கியமாக மதர்போட்டிலிருந்து, ஓர் அடையாளம் உருவாக்கப்பட்டு மைக்ரோசொப்ட்டின் சேர்வரில் பதியப்படும். அதற்கு டிஜிட்டல் லைசன்ஸ் என்று பெயர். மதர்போட் மாறினால் அந்த லைசன்ஸும் பெரும்பாலும் போய்விடும்.

மூன்றாவது வழி பெரிய நிறுவனங்களுக்கானது. ஆயிரம் கணினி உள்ள இடத்தில் ஒவ்வொன்றுக்கும் கீ அடித்துக்கொண்டிருக்க முடியாது. அதனால் நிறுவனத்துக்குள்ளேயே கேஎம்எஸ் என்ற சேர்வரை வைப்பார்கள். குறைந்தது 25 கணினிகள் கேட்டால்தான் அது விண்டோஸை அக்டிவேட் செய்யத் தொடங்கும். அனுமதி 180 நாளுக்குத்தான். கணினிகள் 7 நாளுக்கு ஒருமுறை சேர்வரைத் தேடிப் போய் அதைப் புதுப்பித்துக்கொள்ளும்.

நம் ஊரில் ஓடும் கள்ள விண்டோஸில் ஒரு பெரிய பங்கு இந்தக் கதவால்தான் நுழைகிறது. கிராக் மென்பொருள் கணினிக்குள்ளேயே ஒரு போலிச் சேர்வரை உட்கார வைக்கும், இல்லாவிட்டால் இன்டர்நெட்டில் எங்கோ உள்ள ஒன்றைக் காட்டிவிடும். விண்டோஸ் அதை நிறுவனத்தின் சேர்வர் என்று நம்பி "அக்டிவேட்டட்" என்று எழுதிவிடுகிறது.

சரி, எப்படிப் பிடிப்பது? விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் பெட்டியில் எஸ், எல், எம், ஜி, ஆர் என்ற ஐந்து எழுத்துகள், ஓர் இடைவெளி, ஒரு சாய்கோடு (/), பிறகு டி, எல், வி என்று அடித்து என்டரைத் தட்டுங்கள். கொஞ்சம் பொறுத்தால் ஒரு பெட்டி விரியும். அதில் டிஸ்கிரிப்ஷன் என்ற வரியில், சனல் என்ற சொல்லுக்கு முன்னால் உள்ளதைப் பாருங்கள். ஓஈஎம் என்றால் கணினியோடு வந்தது. ரீடெய்ல் என்றால் தனியாக வாங்கியது. வொலியூம் கேஎம்எஸ் கிளையன்ட் என்று இருந்தால் கேள்வி கேளுங்கள். பரந்தனில் ஒருவர் வீட்டு மேசையில் இருக்கும் கணினிக்கு எந்த நிறுவனத்தின் சேர்வர் அனுமதி கொடுக்கிறது? காலாவதிக்கு ஆயிரக்கணக்கான நாள் இருப்பதாகக் காட்டினால் சிரித்துவிட்டு எழும்பி வரலாம். 180 நாளுக்கு மேல் எந்த உண்மையான கேஎம்எஸ் சேர்வரும் தருவதில்லை.

டிஜிட்டல் லைசன்ஸையே ஏமாற்றி எடுக்கும் கிராக்குகளும் உண்டு. அவை இந்தப் பரிசோதனையில் தப்பிவிடும். அதனால் ஓஈஎம், ரீடெய்ல் என்று வந்தாலும் ஸ்டிக்கர், பில், பயோஸில் உள்ள கீ ஆகியவற்றோடு பொருந்துகிறதா என்று பாருங்கள்.

எனக்கு வேடிக்கையாகப் படுவது வேறொன்று. நிறுவனங்கள் மொத்தமாக வாங்கும் விண்டோஸ் லைசன்ஸ், ஏற்கெனவே லைசன்ஸ் உள்ள கணினிக்கு மேல் போடும் அப்கிரேட் மட்டுமே. ஆகவே அலுவலகங்கள் கழித்துவிட்ட லப்டொப்பின் பயோஸில் பெரும்பாலும் நல்ல புரோ கீ ஒன்று சும்மா கிடக்கும். இடையில் யாரோ அதைக் கவனிக்காமல், நிறுவனங்களுக்கான என்டர்பிரைஸ் பதிப்பைக் கிராக் செய்து ஏற்றியிருப்பார்கள். அந்தக் கீ விண்டோஸ் 10 அல்லது அதற்குப் பிந்திய பதிப்புக்கானது என்றால், மைக்ரோசொப்ட்டின் தளத்திலிருந்து விண்டோஸை இறக்கிப் புதிதாக நிறுவும்போது, பயோஸில் உள்ள கீயை அது தானே படித்து, பதிப்பைத் தானே தெரிவுசெய்து, இன்டர்நெட் கிடைத்ததும் அக்டிவேட் ஆகிவிடும். காசு கொடுக்காமலே ஒறிஜினல்.

கிராக் ஓட அட்மின் அனுமதி வேண்டும், அன்டிவைரஸும் கண்ணை மூட வேண்டும். விண்டோஸோடு வரும் விண்டோஸ் செக்கியூரிட்டியில், அன்டிவைரஸ் சோதிக்காமல் விடும் ஃபோல்டர்களின் விலக்குப் பட்டியல் ஒன்று இருக்கிறது. நீங்கள் சேர்க்காத ஃபோல்டர் அதில் இருந்தால், அந்தக் கணினியில் வங்கிக் கணக்கைத் திறக்க வேண்டாம்.

ஒபிஸுக்கும் கதை இதேதான். புரொபெஷனல் பிளஸ் என்று இருந்தால் அது பெரும்பாலும் நிறுவனங்களுக்கான பதிப்பு. கடிதமும் கணக்கும் மட்டும் என்றால் இலவசமான லிப்ரே ஒபிஸ் போதும், அதில் தமிழ் இடைமுகமும் இருக்கிறது. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களையும் பாதுகாக்கிறது. வீட்டுக்காரர் இதை நினைப்பதில்லை. கொமினிகேஷன் கடை நடத்துகிறவர் நினைக்கத்தான் வேண்டும்.

காசைக் கொடுக்க முன் ஒன்று செய்யுங்கள். விண்டோஸை ரீசெட் செய்து, போன் ஹொட்ஸ்பொட்டில் இணைத்து, தொடக்கத் திரை வரும்வரை கடையிலேயே இருங்கள். அப்போது ஏதோ ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் பெயர் வந்து அதன் மின்னஞ்சலைக் கேட்டால், கணினி இன்னும் அவர்களின் பதிவில்தான் இருக்கிறது. அதை முறைப்படி விடுவிக்க அவர்கள்தான் வேண்டும், கடைக்காரரால் முடியாது.